டிவிப் பெட்டியில் மறைந்த பெருமாள்

பெருமாள் காணாமல் போனபோது மதியம் மூன்று மணி இருக்கும். பங்குனி வெயில். மின்விசிறி சுற்றியும் முதுகு நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் கையில் ஒயர் வைத்த ரிமோட். எதிரே டிவி. டிவிக்குள் எங்கள் வரதராஜப் பெருமாள் கோயிலின் கோபுர வாசல். கருட வாகனத்தில் பெருமாள் வெளியே வருகிறார். தூக்குகிறவர்கள் எட்டுப் பேர். மேலே நாலு குடை. நான் வலதுபக்கப் பொத்தானை அழுத்த அழுத்த, அத்தனை பேரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு நகர்கிறார்கள்.

வாசலின் நடுவில் வந்ததும் குடைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டின. பெருமாள் மறைந்தார்.

குடை இருக்கிறது. தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கருடன் இருக்கிறார். கருடன் தோள்மேல் வெறும் கறுப்பு.

ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். திரும்ப வந்துவிட்டார்.

ரிமோட் மடியிலிருந்து விழுந்து ஒயரில் தொங்கியது. நான் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "கோவிந்தா" என்று வாய்விட்டே சொன்னேன். வீட்டில் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் டிவியைப் பார்த்துக் கும்பிடுகிறவளைக் கண்டு சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த விஷயத்தை இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது? அதுதான் எனக்கு அதிர்ச்சி.

செத்த பெட்டி, சாகாத பெட்டி

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நடுவில் வந்தவர்களுக்கு இரண்டு வரி. நான் சின்ன காஞ்சிபுரம். படிப்பு மூன்றாம் வகுப்பு. முப்பது வருஷம் பட்டுத் தறிக்கு அட்டை குத்தினேன்.

புடவையில் மயில் வரவேண்டும் என்றால் முதலில் கட்டம் போட்ட தாளில் மயிலை வரைவார்கள். அந்தக் கட்டங்களை எண்ணி அட்டையில் ஓட்டை போடுவது என் வேலை. ஓட்டை இருந்தால் இழை மேலே போகும், இல்லாவிட்டால் போகாது. ஒரு ஓட்டை தவறினால் மயிலுக்கு மூக்கு இருக்காது. நான் குத்திய அட்டையில் ஒரு மயிலும் மூக்கில்லாமல் பிறந்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

"இந்தப் பெண்" என்றது என் மருமகள் பத்மாவதியை. முசரவாக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற ஜைனக் குடும்பம். பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற கடையில் வேலை. என் மகன் வரதன் டிசைன் வாங்கப் போனவன், அவளையும் பார்த்துவிட்டு வந்தான். வீட்டில் சம்மதம் இல்லை. வீட்டில் என்றால் நான்.

பதினோரு வருஷம் ஆகிறது. அவள் சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டாள். அவர்கள் வழக்கம் அது. முதல் வருஷம் முழுக்க, "எங்க வூட்டு ராச்சோறு மகாராணிக்கு ஆவாது போல" என்று அடுப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவள்பாட்டுக்குத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள்.

வரதன் பள்ளிக்கூடம் போன நாளில் ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்திருந்தோம். கேசட்டைச் சொருகினால் குள்ளமாய் ஒருவன் ஓடுவான், குதிப்பான், சாவான். அந்தப் பெட்டி பரணில் கிடந்தது. ஒருநாள் பத்மா அதை இறக்கி, துடைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுச் சுத்தம் செய்து வைத்திருந்தாள்.

"இதுக்கு இன்னமும் புதுசா கேம் செய்றாங்க அத்தே, உலகம் பூரா."

"செத்த பெட்டிக்கா?"

"பெட்டி சாவல அத்தே. செஞ்சு வித்த கம்பெனிதான் விட்டுட்டுப் போயிடுச்சி."

அவளும் ஒன்று செய்யப் போகிறேன் என்றாள். என்ன செய்தால் எனக்கென்ன என்று இருந்தேன். இரண்டு வருஷம் செய்தாள். காலையில் கடைக்குப் போகுமுன், ஞாயிற்றுக்கிழமை பூராவும், தீபாவளியன்றுகூட. பிறகு ஒருநாள் அந்த டிவியில் கருட சேவை வந்தது.

நான் சொன்ன தப்புகள்

"சாமிய வெச்சி வெளையாட்டா?" என்று கத்தினேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நானே போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன். காரணம் பக்தி இல்லை. கருடனுடைய மூக்கு கோணலாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

விளையாட்டு இதுதான். கோபுர வாசலிலிருந்து பெருமாளைத் தெருத்தெருவாகக் கூட்டிப் போகவேண்டும். குடை கரண்டு கம்பியில் படக்கூடாது. ஆட்டோ வந்தால் ஒதுங்கவேண்டும். வாசலில் தட்டோடு நிற்கிறவர்களுக்கு நின்று போகவேண்டும். வெயில் ஏறுமுன் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கவேண்டும். யாரும் யாரையும் சுடுவதில்லை, யாரும் சாவதில்லை. "எங்க அப்பா கொசு அடிச்சாக்கூட அன்னைக்கு பட்டினி கெடப்பாரு. நான் கேம்ல மட்டும் அடிப்பனா?" என்றாள்.

ஆனால் மூன்றே பேர் தூக்கினார்கள். குடை இரண்டு.

"மூணு பேர் தூக்கினா பெருமாள் தெருவுல விழுந்துடுவாரு. எட்டுப் பேராவது வை."

"எடம் பத்தாது அத்தே."

"ஊர்ல பத்துது. உன் டிவில பத்தாதா?"

சிரித்தாள். "குடையாவது ரெண்டு போதுமா?"

"காஞ்சிபுரத்துக் குடைன்னா மெட்ராஸ்லேர்ந்து வந்து பாக்கறான். ரெண்டு குடை வெச்சா நம்மூருக்கு அசிங்கம். நாலு வை."

வைத்தாள். நான் சொன்னதையெல்லாம் வைத்தாள். அந்தக் கருடனின் மூக்கைக் கட்டம் கட்டமாக நானே பென்சிலால் போட்டுக் கொடுத்தேன். அவளுடைய பெட்டிக்கும் கட்டம்தான் கணக்கு. எட்டுக்கு எட்டு. எனக்கு அது புதிதாகவே இல்லை.

பிறகு ஒரு வழக்கம் உண்டாயிற்று. அவள் திருத்தியதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பாள். பிறகு சிப்பில் ஏற்றிக் கேசட்டில் வைத்து, பெட்டியில் சொருகிவிட்டுக் கடைக்குப் போவாள். மதியம் நான் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

"தப்பு எது தெரிஞ்சாலும் சொல்லுங்க அத்தே. சின்னதா இருந்தாலும் சொல்லுங்க. ஒட்டி அனுப்பிட்டா அப்புறம் நான் ஒண்ணுமே செய்ய முடியாது. என் பேரு போட்டுப் போவுது."

முப்பது பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். ஜப்பானில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், கோயம்புத்தூரில் இரண்டு பேர். இந்தப் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு புதுக் கேசட்டுக்காக ஏங்குகிறவர்கள் அவ்வளவு தூரத்திலும் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர்களில் சிலர், இந்தியாவிலிருந்து ஒரு பெண் செய்கிறாளா, ஒழுங்காக ஓடுமா என்று கேட்டிருந்தார்களாம். பத்மா அதை என்னிடம் சொல்லவில்லை. வரதன்தான் சொன்னான். அன்று முதல் நான் இன்னும் கவனமாக ஓட்டினேன்.

பெருமாள் மறைந்தது அப்போதுதான்.

குடை மறைக்கும் இடம்

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாகவேண்டும்.

வைகாசியில் எங்கள் ஊர்க் கருட சேவை. விடிகிற நேரத்தில் பெருமாள் கோபுர வாசலுக்கு வருவார். அங்கே கொஞ்ச நேரம் குடையால் அவரை மறைப்பார்கள். சோளிங்கரில் ஒரு பக்தர் இருந்தாராம். வருஷம் தவறாமல் இந்தச் சேவைக்கு நடந்து வருவாராம். ஒரு வருஷம் உடம்பு முடியவில்லை. அங்கேயே குளக்கரையில் நின்று அழுதிருக்கிறார். இங்கே வாசலில் இருந்த பெருமாள் அங்கே போய் அவருக்குக் காட்சி கொடுத்துவிட்டுத் திரும்பினார் என்பார்கள். அந்த நேரத்துக்குத்தான் அந்தக் குடை. அப்போது பெருமாள் இங்கே இல்லை என்று அர்த்தம்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நான் அந்த வாசலில் நிற்கிறேன். முன்பு என் மாமியாரோடு. அவர் போன பிறகு எதிர்வீட்டுக் கஸ்தூரியோடு. ஐம்பது வருஷம் ஆகிவிட்டது.

பத்மாவை ஒரு வருஷமும் கூட்டிப் போனதில்லை. முதல் வருஷம் அவள் தலைகுளித்துப் பூ வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். "வூட்ட பாத்துக்க ஆள் வேணும். நீ வாசல்ல தட்டு வெச்சிக்கினு நில்லு, பெருமாள் இந்த வழியாதான் வருவாரு" என்றேன். உண்மை அது இல்லை. கோபுர வாசலில் எங்கள் ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். "இவதான் முசரவாக்கத்துப் பொண்ணா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் பக்கத்தில் நிற்கவேண்டும். அதற்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இரண்டாம் வருஷம் அவள் பூ வைக்கவில்லை. தானாகவே தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அப்படிப்பட்டவள் குடை மறைக்கிற இடத்தை டிவியில் கொண்டுவந்துவிட்டாள் என்றால் யாருக்குத்தான் அதிர்ச்சியாக இருக்காது? நான் விட்டுவிட்டுப் போனேன், அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அவள் வருமுன் நானே அவளுக்குத் தோசை வார்த்து வைத்தேன், பொழுது இருக்கும்போதே. அவள் தோசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா வந்துச்சா அத்தே?"

"ரொம்ப சரியா வந்துச்சி" என்றேன்.

மறுநாள் தெருக்குழாயில் கஸ்தூரியிடம் சொன்னேன். கஸ்தூரியிடம் சொன்னால் கோயில் வரைக்கும் சொன்ன மாதிரி. அதற்காகத்தான் சொன்னேன்.

எங்கள் வாசலில்

நாலைந்து நாள் கழித்து, தெருக்களையும் சேர்த்து ஓட்டச் சொன்னாள். கோபுர வாசல் தாண்டி, கடைத்தெரு தாண்டி, எங்கள் தெருவுக்கு வந்தேன். எங்கள் வீட்டை அச்சாகப் போட்டிருந்தாள். பச்சைக் கதவு, அதன் முன்னால் தட்டோடு பச்சைப் புடவையில் ஒருத்தி. நான்தான் அது என்று பார்த்த உடனே தெரிந்தது. தெருவில் படுத்தே கிடக்கிற எங்கள் தெரு மாட்டையும் விடவில்லை.

பெருமாள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். மறைந்தார்.

வருவார் என்று காத்திருந்தேன். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பத்து மூச்சு. பச்சைப் புடவைக்காரி தட்டை நீட்டிக்கொண்டே நிற்கிறாள். எட்டுப் பேரும் வெறும் கருடனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மாடு படுத்திருக்கிறது. அவர் வரவில்லை.

கோபுர வாசலில் மறைந்தால் அது சேவை. என் வாசலில் மறைந்தால் என்ன?

சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் டிவி கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதையும் பார்க்கப் பிடிக்காமல் துண்டு எடுத்துப் போட்டு மூடினேன்.

படித்தவர்கள் சிரிக்கலாம். எனக்கு அன்று ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஒருத்தியைப் பதினோரு வருஷம் சேவைக்கு வரவிடாமல் வாசலில் நிறுத்தினேன். அந்த வாசலில் அவர் நிற்கமாட்டேன் என்கிறார்.

சாயங்காலம் பத்மா கேட்டாள். "எல்லாம் சரியா வந்துச்சா அத்தே?"

"வந்துச்சி."

அதற்குள் அவள் முப்பது கேசட்டுக்கும் ஈயம் வைத்து ஒட்ட ஆரம்பித்துவிட்டாள்.

கஸ்தூரி வந்த நாள்

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. முப்பது அட்டைப் பெட்டிகள் கூடத்தில் வரிசையாக இருந்தன. நாலு மணிக்குக் கூரியர்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். பத்மா உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மணி மூன்றரை இருக்கும், கஸ்தூரி வந்தாள். அவள் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"ஏமே பத்மா, அந்த கோபுர வாசல போடு. உங்க அத்தை ஊர் பூரா தமுக்கு அடிச்சிக்கினு இருக்கா, நான் மட்டும் பாக்கல."

நானே ரிமோட்டை எடுத்தேன். நடுவாசலில் குடைகள் ஒட்டின. பெருமாள் மறைந்தார். வந்தார்.

கஸ்தூரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எப்டிமே செஞ்ச இத?"

"எத?"

"பெருமாள் சோளிங்கர் போறத."

பத்மா கையில் டேப் சுருளோடு அப்படியே இருந்தாள். "சோளிங்கரா? அத்தே, அத திரும்ப ஓட்டுங்க."

ஓட்டினேன். இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இத நான் செய்யல."

"நீ செய்யாம அவரேவா செஞ்சாரு?" என்றாள் கஸ்தூரி.

"இது தப்புக்கா. கேம்ல தப்பு."

எனக்குக் கோபம் வந்தது. "என்னடி தப்பு? குடை மறைக்கிற எடத்துலதான மறைச்சிருக்க?"

"எந்தக் குடை? எந்த எடம்? நான் எப்பத்தே கோபுர வாசலுக்கு வந்தேன்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். கஸ்தூரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பத்மா வேகமாகப் பேச ஆரம்பித்தாள், எனக்கா தனக்கேவா என்று தெரியாமல். "இந்தப் பெட்டி ஒரே வரிசையில எட்டுத் துண்டுதான் அத்தே காட்டும். அதுக்கு மேல வந்தா கடைசியில இருக்கறதக் காட்டாது. நான் ஆளுங்கள மொதல்ல போட்டேன், பெருமாளக் கடைசியா போட்டேன். மொதல்ல மூணு ஆளு, ரெண்டு குடை, எல்லாம் எட்டுக்குள்ள இருந்துச்சி. அப்புறம்தான்..."

அப்புறம் நான் எட்டு ஆள் கேட்டேன். நாலு குடை கேட்டேன். அவள் அதைச் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கம்ப்யூட்டர்ல அந்தக் கணக்கு கெடையாது, அங்க எல்லாரும் தெரிவாங்க. அதான் எனக்குத் தெரியல." அவள் வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்தாள். "கோபுர வாசல்ல குடைங்க ஒரே வரிசைக்கு வர்ற அந்த ஒரு நொடி போய் வந்தா பரவால்ல. யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. அத்தே, வேற எங்கியாவது இப்படிப் போச்சா?"

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. கூரியர்காரர் இல்லை, பால்காரர். ஆனால் நாலு மணி ஆகப்போகிறது.

இல்லை என்று சொன்னால் பெட்டிகள் போய்விடும். கஸ்தூரி முன்னால் என் மானம் மிஞ்சும். ஜப்பானில் ஒருவர் எங்கள் வாசல் வரை வந்து, வெறும் கருடனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒழுங்காக ஓடுமா என்று கேட்டவர்கள், ஓடவில்லை என்பார்கள். அட்டையில் பத்மாவின் பெயர் இருக்கும்.

"நம்ம வாசல்ல" என்றேன்.

"திரும்ப வந்தாரா?"

"வரல. நான் அணைச்சிட்டேன்."

"எப்போ?"

"பத்து நாள் ஆவுது."

பத்மா டேப் சுருளைக் கீழே வைத்தாள். "சின்னதா இருந்தாலும் சொல்லுங்கன்னு சொன்னேனே அத்தே. கால்ல விழாத குறையா சொன்னேனே."

"என் வாசல்ல பெருமாள் நிக்காம போயிட்டாருன்னு எந்த வாயால சொல்றது?"

"ஏன் நிக்காம போவாரு?"

எனக்கு நாக்கு எழவில்லை. கஸ்தூரிக்கு எழுந்தது. "ஏன்னா? வருசா வருசம் உன்ன வூட்ல உட்டுட்டு வந்தா இல்ல, அதுக்குத்தான். கேக்கறா பாரு."

பத்மா ஒரு அட்டைப் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதன் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாடு அத்தே" என்றாள் கடைசியில். "மாட்டையும் சேத்தா எட்டுக்கு மேல போவுது. அது நகராதுன்னு நான்தான் எழுதி வெச்சேன். அது நகராத வரைக்கும் அவர் வரமாட்டாரு. அவ்வளவுதான். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல அவருக்கு."

பிறகு தலையைத் தூக்கினாள்.

"பதினோரு வருஷமா அந்த வாசல்ல நான்தான் தட்டு வெச்சிக்கினு நிக்கிறேன். ஒரு வருஷம்கூட அவர் நிக்காம போனதில்ல. பச்சைப் பொடவ கட்டிக்கினு ஒருத்தி நிக்கிறாளே, அது யாருன்னு நெனச்சீங்க?"

நான் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கூரியர்காரர் வந்தார். பத்மா எழுந்து போய், "இன்னைக்கு இல்லண்ணா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எத்தனை நேரம்?

முப்பது பெட்டியையும் பிரித்தோம். நான் டேப்பை அறுத்தேன், அவள் திருகாணி கழற்றினாள். மூன்று நாள் அதிகம் பேச்சில்லை. பெருமாளை வரிசையில் முதலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இனி எட்டுக்கு மேல் போனால் கடைசியில் இருக்கிற ஆளோ மாடோதான் மறையும். எங்கள் வாசலில் ஓட்டிப் பார்த்தேன். நின்றார். மாட்டின் வால் மட்டும் இல்லை.

நாலாம் நாள் அவளே பேச்சை எடுத்தாள். கஸ்தூரியும் இருந்தாள்.

"கோபுர வாசல்ல மறையணும்னா தப்பா மறையக் கூடாது. நானே மறைக்கிறேன். குடை முன்னாடி வருமா, பக்கத்துலேர்ந்து வருமா?"

சொல்லிக்காட்டக் கையைத் தூக்கினேன். எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று தெரியவில்லை.

"எவ்ளோ நேரம் மறைப்பாங்க? அஞ்சு எண்றதுக்குள்ளயா, பத்தா?"

கஸ்தூரியைப் பார்த்தேன். கஸ்தூரி என்னைப் பார்த்தாள்.

"என்னத்தே? அம்பது வருஷமா போறீங்க."

"போறேன்."

"பின்ன?"

"குடை ஏறும்போது கோவிந்தான்னு கத்துவாங்க. எல்லாரும் கையத் தூக்குவோம்..." என்று நிறுத்தினேன். ஐம்பது வருஷத்தையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். மாமியார் பக்கத்தில் நின்ற வருஷம். மழை பெய்த வருஷம். வரதன் வயிற்றில் இருந்த வருஷம். குடை ஏறும். அப்புறம் இருட்டு. அப்புறம் பெருமாள் வாசலைத் தாண்டி நிற்பார். நடுவில் ஒன்றுமே இல்லை.

"கண்ண மூடிக்குவேன்" என்றேன்.

"வருஷா வருஷமா?"

"கும்புடப் போறமா, வேடிக்க பாக்கப் போறமா?" என்று கஸ்தூரி என்னைக் காப்பாற்ற வந்தாள். அவளும் பார்த்ததில்லை.

பத்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த இடத்துக்கு இவள் வரக்கூடாது என்று நான் காவல் காத்தேனோ, அந்த இடத்தை நானே பார்த்ததில்லை.

"அப்போ நான்தான் போய்ப் பாக்கணும்" என்றாள். உத்தரவு கேட்கிற குரல் இல்லை அது.

"நம்ம வாசல்ல யாரு நிக்கிறது?"

"நீங்க நில்லுங்க."

முப்பது பேருக்கும் எழுதினாள். ஒரு திருத்தம் இருக்கிறது, வைகாசித் திருவிழா முடியும்வரை பொறுக்க வேண்டும் என்று. ஒருவர் மட்டும் கோபமாக எழுதினாராம். மற்றவர்கள் காத்திருக்கிறோம் என்றார்கள். ஜப்பான்காரர், திருவிழாவை எங்கள் சார்பாகவும் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

தட்டு

கருட சேவையன்று பத்மா தலைகுளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு கஸ்தூரியோடு கிளம்பினாள். நான் வாசலில் நின்றேன். ஐம்பது வருஷத்தில் முதல் தடவை அந்த நாளில் எங்கள் தெருவை அந்த நேரத்தில் பார்க்கிறேன். தெளித்த தண்ணீர் காயவில்லை. கோயில் பக்கத்திலிருந்து "கோவிந்தா" என்று ஒரு பெரிய சத்தம் எழுந்து அடங்கியது. குடை ஏறியிருக்கும். இந்நேரம் அவள் எண்ணிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

பொழுது வெளுத்த பிறகு மேளம் தெரு முனையில் திரும்பியது. கற்பூரத்தை ஏற்றினேன்.

பெருமாள் வந்து நின்றார். எனக்காக நின்றாரா, அந்த வாசலில் நின்று பழகியதால் நின்றாரா, அதை நான் விசாரிக்கப் போவதில்லை.

பழக்கத்தில் கண் மூடப் பார்த்தது. எரிகிற கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூட முடியாது. மூடினால் தட்டு சாயும், கை சுடும். வேறு வழியில்லாமல் பார்த்தேன்.

இவ்வளவு கிட்டத்தில். கன்னத்தில் ஒரு துளசி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. உதட்டோரம் கற்பூர வெளிச்சம் ஏறி இறங்கியது. இந்த முகம் எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வயது வரை இருந்தேன். ஊருக்கே நான்தான் சொல்லிக்கொடுக்கிறவள் மாதிரி இருந்தேன். எனக்குத் தெரியவே தெரியாத முகம் அது. பார்த்துக்கொண்டே நின்றதில் கையில் தட்டு இருப்பதே மறந்துபோயிற்று. தட்டு சாய்ந்தது. தேங்காய் மூடி உருண்டது.

கூட்டத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து தட்டின் அடியைப் பிடித்தது. பத்மா. வேர்த்து, பூ கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு கையால புடிங்க அத்தே" என்றாள். "மொத வருஷம் எனக்கும் இப்படித்தான் ஆச்சி."